பல் மருத்துவரின் துளைக்கருவி யாருக்குச் சொந்தம்?

பல் மருத்துவரின் நாற்காலியில் நீங்கள் ஒரு முறையாவது உட்கார்ந்திருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாற்காலி மெல்லச் சாய்கிறது. விளக்கு வாய்க்கு நேராக வருகிறது. "ஆ, திறங்கள்" என்கிறார் மருத்துவர். அடுத்த கணம், காதோரம் வந்த கொசுவின் ரீங்காரம் போல, ஆனால் அதைவிடப் பன்மடங்கு உரத்து, 'கீய்ங்' என்று ஓர் ஒலி எழுகிறது. உங்கள் கைகள் தாமாகவே நாற்காலியை இறுகப் பற்றிக்கொள்கின்றன.

அந்த நேரத்தில் சுற்றுமுற்றும் பார்க்கும் மனநிலை யாருக்கும் இருப்பதில்லை. ஆகவே, வலி ஏதும் இல்லாத இந்த வேளையில் அந்த அறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஏறி இறங்கும் நாற்காலி, கீய்ங் என்று சுழலும் துளைக்கருவி, பல்லைச் சுற்றி விரிக்கப்படும் மெல்லிய ரப்பர் விரிப்பு, பாட்டி கழற்றி டம்ளரில் போட்டு வைக்கும் பல்செட் – இவை ஒவ்வொன்றும் என்றோ ஒருவர் மூளையில் உதித்தவை. எண்ணெய் அழுத்தத்தால் உயரும் நாற்காலியை வில்கர்சன் என்ற அமெரிக்கர் 1877-ம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். மற்றவற்றுக்கும் இப்படியே பெயரும் ஆண்டும் உண்டு.

இந்தக் கருவிகளைக் கண்டுபிடித்தவர்களுள் சிலர் அவற்றுக்கு உரிமை கொண்டாடினார்கள். சிலர் "எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டார்கள். எது சரி? நோயைத் தீர்க்கும் கருவிக்கு ஒருவர் உரிமை கொண்டாடலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், முதலில் காப்புரிமை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் ஒப்பந்தம்

பேட்டண்ட் என்று நாம் பேச்சில் குறிப்பிடும் காப்புரிமையைப் பலர் ஒரு பரிசு என்றோ நற்சான்று என்றோ எண்ணுகிறார்கள். அது பரிசன்று. கண்டுபிடித்தவருக்கும் சமுதாயத்துக்கும் இடையே ஏற்படும் ஓர் ஒப்பந்தமே அது. "உன் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் படத்துடன், ஒளிவு மறைவின்றி எழுதிக் கொடு. அதற்கு ஈடாக, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை உன் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமையை உனக்குத் தருகிறோம். கெடு முடிந்ததும் அது எல்லோருக்கும் பொது" – இதுதான் அந்த ஒப்பந்தத்தின் சாரம்.

எல்லாவற்றுக்கும் இந்த உரிமை கிடைத்துவிடாது. கருவி புதியதாக இருக்க வேண்டும். அத்துறையில் வல்லவர் எவருக்கும் எளிதில் தோன்றிவிடக்கூடியதாக இருத்தல் கூடாது. தொழிலில் பயன்படக்கூடியதாகவும் இருக்க வேண்டும். உரிமை எந்த நாட்டில் பெறப்பட்டதோ அந்த நாட்டில் மட்டுமே செல்லும். நம் நாட்டின் காப்புரிமைச் சட்டம் 1970-ல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் பொதுவாக 14 ஆண்டுகளாக இருந்த கெடு, இப்போது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

நம் சட்டத்தில் ஒரு நுட்பமான பிரிவும் உண்டு. நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை முறைக்கு யாரும் காப்புரிமை பெற முடியாது. பல்லைத் துளைத்து அடைக்கும் முறை எவருடைய தனிச்சொத்தும் ஆகாது. ஆனால் துளைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெறலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு துளைக்கருவியின் கதைக்கு வருவோம்.

வில்லிலிருந்து மிதிகட்டைக்கு

பல்லைத் துளைக்கும் வேலை காப்புரிமைச் சட்டங்களைவிடப் பல்லாயிரம் ஆண்டுகள் பழையது. பாகிஸ்தானின் பலுசிஸ்தான் பகுதியில் மெஹர்கர் என்ற தொல்லிடம் உள்ளது. அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளுள் 9 பேரின் 11 கடைவாய்ப் பற்களில் கருவியால் போட்ட துளைகள் இருப்பதை ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்டனர். அவற்றின் காலம் இன்றைக்கு 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன். துளையின் விளிம்புகள் தேய்ந்திருப்பதால், துளைத்த பிறகும் அந்த மனிதர்கள் உயிரோடு இருந்து உணவை மென்றிருக்கிறார்கள் என்று தெரிகிறது. மணிகளில் துளையிடப் பயன்பட்ட வில் துரப்பணத்தில் கூரிய கல்முனையைப் பொருத்தி இதைச் செய்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. நம் ஊர்த் தச்சர்கள் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத் துளையிடும் தமரூசியைப் பார்த்திருக்கிறீர்களா? வேலை செய்யும் விதத்தில் அதுவும் இதுவும் ஒன்றே.

இதன் பிறகு நெடுங்காலம் பெரிய முன்னேற்றம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில்கூடப் பல மருத்துவர்கள் எஃகு முனையை விரல்களுக்கிடையே வைத்து உருட்டியே சொத்தையைக் குடைந்தார்கள். பல்லின் மேலுறையான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப் பொருளே. அதை விரலால் குடைவதென்றால் மருத்துவருக்கு எத்தனை உழைப்பு, நோயாளிக்கு எத்தனை வேதனை என்று எண்ணிப் பாருங்கள். சொத்தையை அடைப்பதைவிடப் பல்லையே பிடுங்கிவிடுவது மேல் என்று பலர் நினைத்ததில் வியப்பில்லை.

அமெரிக்க முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்குப் பல் மருத்துவராக இருந்த ஜான் கிரீன்வுட், 1790-ல் தம் தாயாரின் நூற்கும் இராட்டையை மாற்றியமைத்துக் காலால் இயக்கும் துளைக்கருவி ஒன்றைச் செய்துகொண்டார். ஆனால் அது அவரோடு நின்றுவிட்டது. 1864-ல் இங்கிலாந்தில் ஹாரிங்டன் என்பவர் கடிகாரம் போலச் சாவி கொடுத்தால் ஓடும் துளைக்கருவியைச் செய்தார். ஒரு முறை சாவி கொடுத்தால் இரண்டு நிமிடம் ஓடும். ஒலியோ காதைத் துளைக்கும்.

திருப்பம் 1871-ல் வந்தது. ஜேம்ஸ் பீல் மாரிசன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காலால் மிதித்து இயக்கும் துளைப்பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இது எப்படி வேலை செய்கிறது என்பதை அறியத் தையல் இயந்திரத்தை நினைத்துக்கொண்டால் போதும். மிதிகட்டையை மிதித்தால் கனமான சக்கரம் ஒன்று சுழலும். அதிலிருந்து ஒரு கயிற்றுப்பட்டை மேலே போய்ச் சிறிய கப்பியைச் சுழற்றும். கீழ்ச் சக்கரத்தின் விட்டம் 30 செ.மீ., மேலே உள்ள கப்பியின் விட்டம் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கப்பி 15 சுற்று சுற்றும். நிமிடத்துக்கு நூறு முறை மிதித்தால் துளைமுனை 1,500 முறை சுழலும்! சக்கரம் கனமாக இருப்பதால் கால் ஒரு கணம் தளர்ந்தாலும் வேகம் சட்டென்று குறையாது. கப்பியையும் கைப்பிடியையும் தாங்கும் கரம், வாய்க்குள் எந்தப் பக்கமும் திரும்பும்படி அமைந்திருந்தது.

மாரிசனின் பொறி சுமார் 2,000 சுற்று வேகம் தந்தது. விலையோ சாதாரண மருத்துவரும் வாங்கத் தக்கதாக இருந்தது. விரலால் குடைந்த காலம் மறையத் தொடங்கிற்று. கிரீன்வுட்டின் இராட்டையையும் மாரிசனின் பொறியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னது ஒருவர் வீட்டில் பிறந்து அங்கேயே மறைந்தது. பின்னது படத்துடன் விளக்கி எழுதப்பட்டு, அச்சாகி, எவரும் படித்து மேலும் திருத்தத்தக்கதாகியது. ஒப்பந்தம் இங்கே நன்றாகவே வேலை செய்தது.

காலத்துக்கு முந்திய மின்சாரம்

அதே ஆண்டுகளில் மிச்சிகன் மாநிலத்தில் ஜார்ஜ் கிரீன் என்பவரும் இதே சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். அவர் 1868-ல் காற்றால் இயங்கும் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்; காலால் துருத்தியை மிதித்துக் காற்றை ஊத வேண்டும். பிறகு 1875-ல் மின்சாரத் துளைக்கருவிக்கும் காப்புரிமை பெற்றார். எடிசன் நியூயார்க்கில் மின் நிலையம் தொடங்கியதோ 1882-ல்தான்! ஆகவே கிரீனின் கருவி மின்கலங்களையே நம்ப வேண்டியிருந்தது. கனமும் அதிகம், விலையும் அதிகம். மருத்துவர்கள் மிதிகட்டையையே விரும்பினார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. காப்புரிமை கிடைத்துவிட்டதாலேயே ஒரு கருவி வெற்றி பெற்றுவிடாது. சுற்றியுள்ள உலகமும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் மின்கம்பிகள் வந்த பிறகே மின்சாரத் துளைக்கருவி பரவியது. அதற்குள் கிரீனின் உரிமைக் கெடுவும் முடிந்துவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது 17 ஆண்டுகளே.

காற்றாடி தந்த நிம்மதி

மின்சாரம் வந்தும் வேதனை தீரவில்லை. பட்டையும் பற்சக்கரங்களும் கொண்ட பொறியை ஓர் அளவுக்குமேல் விரைவாக ஓட்டினால் பட்டை வழுக்கும், உராய்வால் சூடேறும். சில ஆயிரம் சுற்று வேகத்தில் துளைமுனை பல்லை அறுப்பதோடு உலுக்கவும் செய்யும். மண்டையோடே அதிர்வது போலத் தோன்றும்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த ஜான் வால்ஷ் இந்த அதிர்வைப் பற்றியே ஆராய்ந்தார். விநாடிக்குச் சில நூறு அதிர்வுகளை நம் உடல் மிக நன்றாக உணர்கிறது. ஆயிரத்தைத் தாண்டிப் போனால் அதிர்வு இருந்தும் உணர்வு மங்கிவிடுகிறது. அப்படியானால் வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகப் பன்மடங்கு கூட்டினால் என்ன? இது விந்தையான யோசனை. ஆனால் சரியான யோசனை. அரசின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சிம்மன்ஸ் என்பவருடன் சேர்ந்து, அழுத்தக் காற்றால் சுழலும் துளைக்கருவியை அவர் உருவாக்கினார். 1949-ல் நியூசிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பமும் செய்யப்பட்டது. அதன் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 60,000 சுற்று. பின்னர் வாஷிங்டன் நகரத்துப் பல் மருத்துவர் ஜான் போர்டன் 1957-ல் 'ஏரோட்டர்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். அதன் வேகம் இரண்டரை இலட்சம் சுற்றுக்கும் மேல். நம் நாட்டுப் பல் மருத்துவர்கள் இன்றும் அப்பெயராலேயே இக்கருவியைக் குறிப்பிடுகிறார்கள்.

கருவியின் தலைக்குள் இருப்பது திருவிழாக் காற்றாடியைப் போன்ற ஒன்றுதான். அளவில் மட்டும் மிகச் சிறியது. குழாய் வழியே வரும் அழுத்தக் காற்று அதன் இதழ்களில் மோதுகிறது. பட்டையும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. துளைமுனை காற்றாடியின் நடுவிலேயே செருகப்பட்டுள்ளது. இப்போது ஒரு சிறு கணக்கு. 1 மி.மீ. விட்டமுள்ள முனை நிமிடத்துக்கு 3 இலட்சம் முறை சுழன்றால் விநாடிக்கு 5,000 சுற்று. அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 16 மீட்டர் தொலைவு ஓடுகிறது. மாரிசனின் பொறியிலோ அதே முனையின் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 10 செ.மீ. மட்டுமே ஓடியிருக்கும். நீங்கள் கேட்கும் 'கீய்ங்' ஒலி அந்தச் சுழற்சியின் குரலே.

இவ்வளவு வேகத்தில் அழுத்தி அறுக்கத் தேவையில்லை. மெல்லத் தொட்டாலே போதும். அழுத்தினால் காற்றாடி நின்றுவிடும். ஆனால் வெப்பம் என்னும் புதிய ஆபத்து வந்தது. பல்லின் நடுவே உயிருள்ள பற்கூழ் இருக்கிறது. அதன் வெப்பநிலை 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே சில பற்களில் பற்கூழ் மடிந்துபோவதை 1965-ல் குரங்குகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. கருவி சுழலும்போதெல்லாம் நீர்த்திவலை தெளிப்பது இதற்காகவே. வலி குறைந்ததில் மரப்பு ஊசிக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

ரப்பரில் எழுந்த பூசல்

இதுவரை காப்புரிமையின் வெளிச்சமான பக்கத்தைப் பார்த்தோம். இனி மறுபக்கம்.

மயக்க மருந்துகள் 1840-களில் வந்த பிறகு, பற்களைப் பிடுங்கிக்கொள்ள மக்கள் அவ்வளவாக அஞ்சவில்லை. ஆனால் பிடுங்கிய இடத்தில் வைக்கப் பல்செட் வேண்டுமே! தங்கத்திலும் தந்தத்திலும் செய்தவை செல்வர்களுக்கே எட்டின. அப்போது கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டிப்படுத்திய வல்கனைட் என்னும் ரப்பர் கைகொடுத்தது. நோயாளியின் வாய்க்கு அச்செடுத்து, அந்த அச்சில் ரப்பரை வைத்து நீராவியில் வேகவைத்தால், அண்ணத்தில் அப்படியே ஒட்டி உட்காரும் பல்செட் கிடைத்தது. விலையும் குறைவு. ஏழைகளும் முதன்முதலாக மென்று சாப்பிட வழி பிறந்தது.

இந்த ரப்பர்ப் பல்செட்டுக்கு ஜான் கம்மிங்ஸ் என்பவர் 1864-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அது பாஸ்டன் நகர நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று. அதன் பொருளாளர் ஜோசையா பேக்கன். பல்செட் செய்யும் ஒவ்வொரு மருத்துவரும் ஆண்டுக்கு 25 முதல் 100 டாலர் வரை உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். செய்யும் பல்செட்டுகளுக்கும் தனியே பணம் தர வேண்டும் என்றார் அவர். பலர் மறுத்தனர். பேக்கன் ஊர் ஊராகச் சென்று அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றமும் அந்தக் காப்புரிமை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் கட்டணம் செலுத்த மறுத்து, கிழக்கிலிருந்து மேற்கே சான் பிரான்சிஸ்கோ வரை இடம் பெயர்ந்தார். பேக்கன் அங்கும் வந்து வழக்காடினார். 1879 ஏப்ரலில் பேக்கன் தங்கியிருந்த ஓட்டல் அறைக்குத் துப்பாக்கியுடன் சென்றார் சால்ஃபன்ட். பேக்கன் சுடப்பட்டு இறந்தார். சால்ஃபன்ட்டுக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஓர் உயிர் போயிற்று. ஒரு வாழ்வு பாழாயிற்று. அந்தக் காப்புரிமையோ 1881-ல் காலாவதியாக இருந்தது. இன்னும் இரண்டே ஆண்டுகள் பொறுத்திருந்தால் சட்டமே அந்தப் பூட்டைத் திறந்துவிட்டிருக்கும்!

அதே ஆண்டு, அதே ரப்பர்

கம்மிங்ஸ் காப்புரிமை பெற்ற அதே 1864-ம் ஆண்டில், அதே நாட்டில், அதே ரப்பரைக் கொண்டு இன்னொருவரும் ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார். அவர் நியூயார்க் மாநிலத்துப் பல் மருத்துவர் சான்ஃபோர்டு பார்னம். சொத்தையைக் குடைந்து தங்கத் தகட்டை அடைக்கும்போது உமிழ்நீர் ஊறிக் காரியத்தைக் கெடுத்துவிடும். மெல்லிய ரப்பர்த் துண்டில் சிறு துளையிட்டு, அதைப் பல்லின் கழுத்து வரை இழுத்து மாட்டினார் பார்னம். பல் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. உமிழ்நீர் கீழே தங்கிவிட்டது. இவ்வளவுதான் கண்டுபிடிப்பு!

இதற்கும் அவர் கட்டணம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தம் தொழிலில் உள்ள அனைவரும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டார். வல்கனைட் பல்செட் மறைந்து, 1930-களின் இறுதி முதல் அக்ரிலிக் அதன் இடத்தைப் பிடித்தது. பார்னத்தின் ரப்பர் விரிப்போ இன்றும் வேர்ச் சிகிச்சையின்போது நோயாளியின் வாயில் விரிக்கப்படுகிறது. உமிழ்நீரிலுள்ள கிருமிகள் பல்லுக்குள் போகாமலும், சிறு கருவிகள் நழுவித் தொண்டைக்குள் விழாமலும் அது காக்கிறது.

எது சரி?

பார்னத்தை வணங்குவோம். ஆனால் எல்லோரும் அவரைப் போலவே இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாமா? ரப்பர் விரிப்பைச் செய்ய ஒரு துண்டு ரப்பரும் கத்தரிக்கோலும் போதும். காற்றாடித் துளைக்கருவிக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், மயிரிழை பிசகாத தாங்கிகள் வேண்டும், தொழிற்சாலை வேண்டும். போட்ட முதல் திரும்பும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இத்தனை செலவுக்கு யார் துணிவார்கள்?

அதே வேளையில், வேறு வழியற்ற நோயாளியின் தேவையையே பிடியாகக் கொண்டு கட்டணத்தை இறுக்கினால் ஒப்பந்தம் பாழாகிறது. சமுதாயம் உரிமை கொடுத்தது தன் நன்மைக்காகவே அல்லவா? இதை உணர்ந்தே நம் சட்டம் ஒரு தற்காப்பைச் செய்துள்ளது. காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் பொதுமக்களின் தேவை நிறைவேறாவிட்டாலோ, பொருள் நியாயமான விலைக்குக் கிடைக்காவிட்டாலோ, வேறொருவர் அதைச் செய்ய அரசு கட்டாய உரிமம் வழங்கலாம். 2012-ல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு இந்தியாவில் முதன்முறையாக அப்படி வழங்கப்பட்டது. பேக்கன் காலத்து மருத்துவர்களுக்கு இத்தகைய வாயில் திறந்திருந்தால் அந்தத் துப்பாக்கிக்கு வேலை இருந்திருக்காது அல்லவா?

இந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி இரண்டு. ஒன்று, வெளிப்படையாக எழுதிக் கொடுப்பது. மற்றொன்று, கெடு முடிவது. உரிமை என்றோ ஒரு நாள் தீர்ந்துபோகும். எழுதி வைத்த அறிவு தீராது. மாரிசன் 1871-ல் வரைந்து கொடுத்த படம் இன்று எவருடைய தனிச்சொத்தும் அன்று. பள்ளி மாணவராகிய நீங்களும் இணையத்தில் அதைக் கட்டணமின்றி எடுத்துப் பார்க்கலாம். பழைய தையல் இயந்திரம் ஒன்று வீட்டில் கிடந்தால் மாதிரியும் செய்து பார்க்கலாம். நம் நாட்டுக் காப்புரிமை ஆவணங்களையும் அப்படியே படிக்கலாம். எத்தனையோ சிக்கல்களும் அவற்றுக்குக் கண்ட தீர்வுகளும் அங்கே கிடக்கின்றன.

அடுத்த முறை அந்த 'கீய்ங்' ஒலியைக் கேட்கும்போது, கையை இறுக்கிக்கொள்வதற்கு முன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வில்லை இழுத்த மெஹர்கர் மனிதன், மிதிகட்டையை மிதித்த மாரிசன், காலத்தை முந்திய கிரீன், அதிர்வை ஆராய்ந்த வால்ஷ் – இவர்கள் அனைவருடைய உழைப்பும் அந்தச் சிறு காற்றாடிக்குள் சுழல்கிறது. உங்கள் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பும் இருந்தால், அதற்கு விலை கேட்காத பார்னத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.